வன நில மாற்றத்துக்கு முன் வரவு செலவுக் கணக்கை வெளியிடக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
தடிக்காரன்கோணம், தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: வன நிலத்தைத் தனியார் நிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் யோசனை - நிதி விவரம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். காட்டுக்குள் கிடக்கும் தனியார் எஸ்டேட்டை வனத்துறை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ரோட்டோர வன நிலத்தைக் கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கொஞ்ச நாளாகப் பேச்சு அடிபடுகிறது. வெறும் பேச்சென்றால் இந்த மனுவை மூடிவிடலாம். கோப்பு நகர்ந்தால், கையெழுத்துக்கு முன் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

யோசனையே தப்பென்று சொல்லவில்லை. மாறாமலை, பாலமோர் பக்கம் காட்டு நடுவே தோட்டங்கள் இருக்கின்றன. அவை காட்டோடு சேர்ந்தால் காவல் காக்கும் எல்லை குறையும், யானைக்கும் வழி விடும். சரி, அது லாபம்தான்.

ஆனால் 31 வருடம் பில் பார்த்தவனுக்கு ஒன்று உறுத்துகிறது. அரசு நிலம் வாங்கினால் கருவூலத்துக்கு பில் வரும், விற்றால் சலான் வரும். மாற்றிக்கொண்டால் இரண்டும் வராது. பணம் கைமாறாததால் பட்ஜெட் புத்தகத்தில் அந்த நிலத்தின் மதிப்பு எங்கும் ஏறாது. காசே செலவாகாத காரியம் போலத் தெரியும்.

என் அப்பா சித்தப்பாவோடு 12 சென்ட் மாற்றிக்கொண்டார். 12-க்கு 12. சித்தப்பாவுக்குப் போனது ரோட்டடி. எங்களுக்கு வந்ததில் 22 ரப்பர் மரம், அதில் பாதி மரத்தில் பால் வெட்டப் பட்டையே இல்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் தோட்டம் வழியாகத்தான் வர வேண்டும். கடைசியில் வழிக்கென்று 3 சென்ட் விலை கொடுத்து வாங்கினோம். பத்திரத்தில் மட்டும் இன்றைக்கும் இரண்டும் சமம்.

வன நிலம் சந்தைக்கே வராத நிலம். அதற்கு எந்த விலையைப் போடுவார்கள்? 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதித்து வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு விடும்போது வசூலிக்கும் 'நிகர தற்போதைய மதிப்பு' என்ற தொகை, 2022 விகிதப்படி ஹெக்டேருக்கு 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம் ரூபாய் வரை. ஏக்கருக்கு நாலு முதல் ஆறரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அது காடு தரும் தண்ணீருக்கும் மண்ணுக்குமான ஈடு, நிலத்தின் விலை அல்ல. அதையே விலையாக எடுத்தால் ரோட்டடி நிலம் சல்லிசாகப் போய்விடும். அந்தப் பணத்துக்கு ரோட்டோரம் எத்தனை சென்ட் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் 1976-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே கூட்டரசு நிலத்தை மாற்றும்போது பார்ப்பது ஏக்கரை அல்ல, மதிப்பை. வித்தியாசத்தைப் பணமாகக் கட்டலாம், அதுவும் அரசு கொடுக்கும் நில மதிப்பில் 25 சதவீதத்துக்குள்.

ஆகவே இரண்டு நிலத்துக்கும் ஒரே நாளில், ஒரே முறையில் மதிப்புப் போட உத்தரவிட வேண்டும். மரங்களை எண்ணித் தனியாக விலை போட வேண்டும். கொடுக்கும் நிலத்தில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் அகப்பட்டால், அரசு இழக்கும் வருட வரவும் பால்வெட்டுத் தொழிலாளர்களின் வேலையும் கணக்கில் வர வேண்டும். சர்வே, எல்லைக்கல், முத்திரைத் தீர்வை ஆகியவை யார் தலையில் என்பதையும் எழுத வேண்டும். அப்புறம் ஊராட்சி: தனியார் கைக்குப் போன இடத்தில் வீடு வந்தால் வரி வரும், ஆனால் அதற்கு முன் ரோடும் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் போட்டாக வேண்டும்.

இந்த விவரத்தை ஒரே தாளில் தமிழில் எழுதி, கருத்துரு மேலே போகும் முன் கிராம சபையில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)

நகல்: மாவட்ட வன அலுவலர் அவர்கள், நாகர்கோவில்.