மீதமிருக்கும் ஓட்டத்துக்குத்தான் விலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய அந்தப் பழைய காரின் படங்களை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு வயது, 48,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். ஆனால் உன் கடிதத்தில் இரண்டு இடம் என்னை உறுத்தியது. வாங்கப்போகிற வண்டியைப் பற்றி எழுதும்போது, "பளபளன்னு வச்சிருக்காரும்மா, விலை சரியாத்தான் இருக்கும்" என்கிறாய். அடுத்த பத்தியிலேயே, உன் வண்டிக்கு வந்த விலையைச் சொல்லி, "நான் எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன், இப்படிக் குறைச்சுக் கேக்கறாங்களே" என்று வருத்தப்படுகிறாய். வாங்குவதற்கு ஒரு தராசு, விற்பதற்கு இன்னொரு தராசு என்று வைத்திருக்கிறாய். அதை ஒன்றாக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்.

பழைய வண்டி வாங்குகிறவர் அது இதுவரை ஓடியதற்காகக் காசு கொடுப்பதில்லை. இனிமேல் அது எத்தனை வருஷம், எவ்வளவு தொந்தரவில்லாமல் ஓடும் என்பதற்குத்தான் கொடுக்கிறார். போன வருஷம் நீ போட்ட புது மியூசிக் சிஸ்டமும் சீட் கவரும் உன் சந்தோஷத்துக்கு. வாங்குகிறவருக்கு அதனால் ஓட்டம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடப்போவதில்லை. போன மாதம் கிளட்ச் மாற்றினாயே, அது வேறு. ரசீது இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்தச் செலவு அவர் தலையில் விழாது.

இப்போது கணக்கு. பணத்தின் அளவை மறந்துவிட்டு, புது வண்டியின் ஷோரூம் விலையை 100 என்று வைத்துக்கொள். அன்று நீ கொடுத்த விலை வேண்டாம், அதே மாடல் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அது. கம்பெனி தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் கழித்துவிடு. புது வண்டியே 92-க்குக் கிடைக்கும்போது, பழைய வண்டிக்காரர் 100-இலிருந்து கணக்குப் போடுவதில் நியாயமில்லை. பதிவுச் செலவு, முதல் வருஷத்து இன்சூரன்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. விற்கிறவர்கள் பெரும்பாலும் அதையும் சேர்த்துத்தான் மனதில் ஒரு தொகையை வைத்திருப்பார்கள். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய்.

தேய்மானம் வருஷத்துக்கு வருஷம் ஒரே அளவில் இறங்காது. முதல் வருஷம்தான் பெரிய இறக்கம், பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை போய்விடும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும், அப்போது மீதி இருக்கிற மதிப்பில் 10 முதல் 15 சதவீதம். முதல் வருஷம் 20, அப்புறம் 15, 15 என்று போட்டுப் பார். 100 முதல் வருஷ முடிவில் 80 ஆகும். அப்புறம் 68, 58, 49, 42, ஆறாம் வருஷ முடிவில் ஏறக்குறைய 35. நல்ல பேர் எடுத்த, உதிரிபாகம் எங்கும் கிடைக்கிற மாடலாக இருந்தால் இறக்கம் மெதுவாக இருக்கும். முதல் வருஷம் 15, அப்புறம் 10, 10 என்று போட்டால் ஆறாம் வருஷம் 50-இல் நிற்கும். அதாவது ஆறு வயது வண்டி 35-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். உன்னிடம் அவர் கேட்பது 55.

உடனே அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதே. நான் சொன்னது வெறும் கணக்கு, சந்தை அதற்குக் கட்டுப்படாது. புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் பழைய வண்டியின் விலை ஏறும். 2021-இல் கார்களுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி வருவது குறைந்து, பல நாடுகளில் அப்படித்தான் ஆனது. ஒரு மாடலை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்தால் விழும். அதனால் தாளில் அடுத்த வேலையைச் செய். அதே மாடல், அதே எஞ்சின், அதே கியர் வகை, ஒரு வயது முன்னே பின்னே இருக்கிற வண்டிகள் விற்பனைக்கு வந்திருப்பதில் ஒரு ஏழெட்டு எடுத்து, கேட்கிற விலையையும் விளம்பரம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதையும் எழுது. உதாரணத்துக்கு 44, 46, 47, 48, 49, 50, 58 என்று வந்தால், நடுவில் இருக்கிற 48-ஐ எடுத்துக்கொள், சராசரி போடாதே. அந்த 58 இரண்டு மாதமாக அங்கேயே நிற்கும், பார். விற்காத விலை விலையே இல்லை. 48 என்பதும் கேட்கிற விலைதான், பேசி முடிகிறபோது இன்னும் கொஞ்சம் இறங்கும். 46 என்று வை.

இனி வண்டிக்குப் போகலாம். ஆறு வருஷத்தில் 48,000 என்றால் வருஷத்துக்கு 8,000. சாதாரணமாக வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 ஓடும் என்பார்கள். குறைவாக ஓடியிருப்பது நல்லதுதான், உண்மையாக இருந்தால். மீட்டரை நம்பாதே, அதைத் திருப்பிவைக்கிற வேலை இன்னும் நடக்கிறது. பிரேக் பெடல் ரப்பரைப் பார். ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடம், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் ஓரம், இவையெல்லாம் 48,000-க்கு அதிகம் தேயக் கூடாது. அப்புறம் டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்த டயர். நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பார்த்து எழுது. ஸ்டெப்னியின் தேதி வண்டியின் வயதோடு பொருந்தி, மற்ற நான்கும் போன வருஷத்தவையாக இருந்தால் பரவாயில்லை, ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். சர்வீஸ் ரசீதில் இரண்டு முறை மாற்றியதாக இருந்தால் 48,000 என்கிற பேச்சு நிற்காது. ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டரை எழுதியிருப்பார்கள். தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த நீல வண்டி. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய், உனக்கு நினைவிருக்கும். வாங்கி நான்கு மாதத்தில் மழை வந்தாலே டேஷ்போர்டு விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன. ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே முன் சீட்டின் கீழே கை விட்டுப் பார்த்தேன். சீட்டை நகர்த்துகிற தண்டவாளம் முழுக்கத் துரு. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். தினமும் வெளியே வருகிற பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக. தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சில், விரலில் ஒட்டுகிற மாதிரி, மாவு போல நைஸான மண். வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. சுத்தமான வண்டிக்கு உண்டான விலையைத்தான் நான் கொடுத்திருந்தேன். கடைசியில் உள்ளதைச் சொல்லி, வாங்கியதில் பாதிக்கும் குறைவாக விற்றேன். அந்தப் பணத்தை உன் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன் என்பது இப்போதும் வலிக்கிறது. அந்த பெல்ட்டை முதல் நாளே இழுத்துப் பார்த்திருக்கலாம், பத்து விநாடி வேலை.

அதனால் நீ போகும்போது எல்லா சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழு. பானெட்டைத் திறந்து, முன்பக்க மட்கார்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைப் பார். பெயிண்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். சின்ன உரசலா, பெரிய மோதலா என்று கேள். டிங்கரிங் பார்த்த கதவு ஒன்று இருப்பதால் விலை கொஞ்சம்தான் குறையும். அடிச்சட்டம் வளைந்து நிமிர்த்திய வண்டி என்றால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடு. போவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எழுப்புகிற சத்தத்தை உன்னிடமிருந்து மறைக்கப் பார்த்திருக்கலாம். இன்னொரு நாள் காலையில் போ.

இப்போது கழித்தல். இதில்தான் நிறைய பேர் தப்புச் செய்கிறார்கள். டயர் தேய்ந்திருக்கிறது என்று நான்கு புது டயரின் விலை முழுவதையும் குறைக்கச் சொல்வார்கள். ஆறு வயது வண்டி எல்லாவற்றிலுமே டயர் ஓரளவு தேய்ந்துதான் இருக்கும், அந்தத் தேய்மானம் 46-க்குள்ளேயே அடங்கிவிட்டது. மற்ற வண்டிகளைவிட எவ்வளவு மோசம் என்பதை மட்டும்தான் கழிக்க வேண்டும். புது டயர் நான்கும் 3 என்றால் நீ 1.5 கழி. எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேள். பெல்ட் என்றால், எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. கிலோமீட்டர் குறைவு என்று நாம் அசட்டையாக இருப்போம், வருஷம் முடிந்திருக்கும். பல எஞ்சின்களில் அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வை, இன்னொரு 1.5 கழி. ஆக 43. உன் உச்சவரம்பு அது. 40-இல் ஆரம்பி. அவரிடம் தாளைக் காட்டியே பேசு, ஒளிக்க ஒன்றுமில்லை. 45-க்குக் கீழே வரமாட்டார் என்றால், கோபப்படாமல் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வா. இரண்டு வாரத்தில் அவரே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

உன் வண்டிக்கு வருவோம். இதே கணக்கை அப்படியே அதற்கும் போடு. உன் செலவை மறந்துவிட்டு, நடுவிலை எடு, பேரத்துக்குக் கொஞ்சம் விடு, குறையைக் கழி. வியாபாரி கேட்டது அதைவிடக் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அவர் சரிபண்ணி, கழுவி, நாள் கணக்கில் நிறுத்தி, விற்ற பிறகு வருகிற புகாரையும் தாங்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பதில் உனக்குக் கிடைப்பது ஒரே நாளில் கையில் பணம். அது உனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

பின் பம்பரில் விழுந்த அடியை வாங்குபவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல். அவர் கேட்பதற்கு முன்பே சொல். 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே ஒன்றைக் காட்டினார், அந்த வேலைக்காகப் பின்னால் 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. வண்டியின் உள்விஷயம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகுவார்கள், மோசமானவை மட்டும் சந்தையில் தங்கும், விலை இன்னும் விழும். அந்த நீல வண்டிக்குப் பிறகு இதைப் படித்தபோது என் கதையையே யாரோ எழுதியது போல இருந்தது. உன் வண்டியைப் பற்றி வாங்குபவருக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று காட்ட உன்னிடம் இருப்பது ரசீதுகள்தான். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் போடு, பம்பர் சரிசெய்த பில்லையும் சேர்த்து. அவர் எந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தாலும் திறந்து காட்டு.

இன்னொன்று, புது வண்டியே எடுத்துவிடலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். மேலே போட்ட அந்த 80, 68, 58 வரிசையையே பார். புதிதாக எடுத்து மூன்று வருஷம் வைத்திருந்தால் 42 போகிறது. மூன்று வயதில் வாங்கி ஆறு வயதில் விற்றால் 23 போகிறது. ரிப்பேர் செலவு கொஞ்சம் கூடும், அதைச் சேர்த்தாலும் உன் இப்போதைய சம்பளத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. இந்த ஆறு வயது வண்டி படியாமல் போனால், மூன்று நான்கு வயதில் ஒன்று தேடு. அவசரமில்லை, ஒரு மாதம் பஸ்ஸில் போனால் ஒன்றும் ஆகாது.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது ஐந்து டயர்களின் நம்பரையும், சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடித்து ஒரு படமும் எடுத்து அனுப்பு. நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நான் பார்த்துச் சொல்கிறவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா