காவடிக்குப் பிறகும் அந்தப் பத்து நாள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை நீங்களே வாசிக்க வேண்டாம். பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் நீங்களும் சேர்ந்து எழுத்துக் கூட்டுங்கள்.

போன சனிக்கிழமை நம் தமிழ் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 'ழ' எழுதிக்கொண்டிருந்தபோதே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். எழுப்ப மனம் வரவில்லை. பிறகு விசாரித்தேன். பள்ளி விட்டதும் டியூஷன், வீடு வர ஆறு மணி, குளியல், வீட்டுப்பாடம், அப்புறம் பதினொன்று வரை போன். காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்குக் கிடைப்பது ஏழு. ஆண்டுக் கடைசியில், தொடக்கப் பள்ளியை முடிக்க எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு இருக்கும்போது டியூஷனை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள். நானும் என் பிள்ளைகளை அனுப்பியவன்தான்.

ஆனால் தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாளும் இதே பையன் இப்படி இல்லை. கொடியேறியதிலிருந்து வீட்டில் மீன், இறைச்சி கிடையாது. சாயங்காலம் விளக்கு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு, சீக்கிரமே பாயில் படுக்கை. அப்போது நன்றாகத் தூக்கம் வந்ததாம். நம் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோலில் அவனே சொன்னான்.

ஆண்டு முழுக்க விரதம் இருக்கச் சொல்லவில்லை. பிரியாணி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நானே தாங்கமாட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் போன்கள் எல்லாம், உங்களுடையதும்தான், ஒரு கூடைக்குள் போகட்டும். சாப்பாடு முடிந்ததும் உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையுடையது காலை வரை அங்கேயே கிடக்கட்டும். திரை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஒன்பதுக்குப் படுக்கை. முதல் வாரம் முகம் தூக்கிவைத்துக்கொள்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓடியாடவும் வேண்டும், 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷன் வீடு பக்கத்துத் தெருவில்தானே, காரில் கொண்டுபோய் இறக்காமல் நடக்க விடுங்கள். ஞாயிறு காலையில் கோர் தெ கார்த் மலைக்கோயில் படிகளை ஏறி வாருங்கள்.

எங்கள் பங்குக்கு, இந்தத் தவணையில் எழுத்து வீட்டுப்பாடம் இல்லை. பதிலாகச் சாப்பிடும்போது பத்து நிமிடம் தமிழில் பேசுங்கள். வராத இடத்தில் கிரியோலைக் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.

பிள்ளை இதுவரை வாசித்துவிட்டதா? ஒரு கத்தோ பிமான், அதுதான் நம் மிளகாய் போட்ட பருப்பு வடை, வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, ரோஸ் ஹில், மொரீஷியஸ்