பார்த்ததை வரைந்தால் மதிப்பெண் குறையலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் செல் உயிரியல் செய்முறைக்கு இனி மைக்ரோஸ்கோப் வேண்டியதில்லை, எல்லாவற்றையும் திரையிலேயே காட்டிவிடலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடைக்கானலில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் 28 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியவன் இல்லை. ஸ்லைடு கழுவியவன், வெங்காயம் வேர்விட வைத்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வீடியோவை நான் குறை சொல்லவில்லை. ஒரு செல் இரண்டாகப் பிரிவதை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுக் காட்ட அதை விட்டால் வழி கிடையாது. ஸ்லைடில் இருப்பது செத்த செல். செத்த நொடி எதுவோ, அதிலேயே நிற்கும். செல் பிரிவதைப் பார்க்க நாங்கள் எடுப்பது வெங்காய வேரின் நுனி. வீடியோவில் அந்த வேர் எப்போதும் நன்றாக வளர்ந்திருக்கும். எங்கள் ஊரில் அப்படி வளராது.

டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாயில் பல்லாரி வெங்காயத்தை உட்கார வைத்தால் மூன்று நாலு நாளில் வேர் இறங்கும் என்று செய்முறைப் புத்தகம் சொல்லும். எழுதியவர் சமவெளிக்காரர் போல. 7,000 அடி உயரத்தில், மார்கழிக் குளிரில், ஜன்னலோரம் வைத்த வெங்காயம் ஒரு வாரம் ஆனாலும் அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மட்டும் காட்டும். குளிரில் செல் பிரிவதும் மெதுவாகிவிடும். நான் டம்ளர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பங்கரை மேடையில் வைப்பேன். அவசரத்துக்கு அதில் ஒன்றை என் மனைவி எடுத்துத் தாளித்துவிட்ட நாளும் உண்டு.

அப்புறம் நேரம். காலை எட்டிலிருந்து பத்துக்குள் வேர்நுனியை வெட்டினால் பிரியும் செல்கள் அதிகம் கிடைக்கும் என்பார்கள். மேல்மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வரும் பஸ் வந்து சேர்வதற்கே பத்து ஆகிவிடும், செய்முறை வகுப்போ மதியம். அதனால் நானே காலையில் வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்துக்கு மூன்று பங்கு ஆல்கஹால் கலந்த பாட்டிலில் போட்டுவிடுவேன். செல்கள் அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

மதியம் பிள்ளைகள் கையில் கொடுப்பது அந்த வேர்தான். 1 நார்மல் அளவுக்குத் தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டினால் செல்லையும் செல்லையும் ஒட்டியிருக்கும் பசை இளகும். சாயத்தில் போட்டால் நுனி மட்டும் கருஞ்சிவப்பாகும். அசிட்டோகார்மைன் என்ற அந்தச் சாயத்தின் சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. சிவந்த அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத்தான் பிளேடால் நறுக்க வேண்டும். கொஞ்சம் மேலே தள்ளி நறுக்கினால் நீள நீளமான செல்கள்தான் தெரியும், பிரிவது ஒன்றும் இருக்காது. கவர்ஸ்லிப் போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, ஒற்றுத்தாளை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கண்ணாடி இம்மியளவு வழுக்கினாலும் செல்லெல்லாம் கயிறாகச் சுருண்டுவிடும். முதல் வாரம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கயிறுதான்.

மூன்றாவது வாரம் ஒரு மேல்மலைப் பெண் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கூப்பிட்டாள்: “அண்ணே, எங்க ஊர்த் தேரு!” புரியாமல் குனிந்து பார்த்தேன். செல் பிரிவில் மெட்டாஃபேஸ் என்ற நிலை. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நின்றன. சரிவான தெருவில் தேர் ஓடிவிடாமல் இருக்கப் பின்னாலும் வடம் கட்டிப் பிடிப்பார்களாம். இரண்டு பக்கமும் இழுக்க நடுவில் தேர் நிற்குமே, அதுதான் இது என்றாள். இரண்டு முனையிலிருந்தும் இழைகள் இழுப்பதால்தான் குரோமோசோம் நடுவில் நிற்கிறது என்பதைப் பேராசிரியர் இரண்டு வகுப்பு எடுத்து விளக்கியிருந்தார்.

என் வருத்தம் இனிமேல்தான். அந்தப் பெண் ரெக்கார்டு நோட்டில் தான் கண்டதை அப்படியே வரைந்தாள். ஒரு பார்வைப் புலத்தில் 46 செல், அதில் பிரிந்துகொண்டிருந்தவை மூன்று, மற்றதெல்லாம் சும்மா இருந்தவை. எண்ணி ஓரத்தில் எழுதியும் வைத்தாள். பக்கத்து மேசைப் பையன் புத்தகத்தைப் பார்த்து எல்லா நிலைகளையும் கலர் பென்சிலில் அழகாக வரைந்தான். எக்ஸ்டர்னலாக வந்தவர் பையனுக்கு முழு மதிப்பெண் போட்டார். இவள் படத்தின் மேல் “முழுமையாக இல்லை” என்று எழுதிப் பாதிக்குப் பாதி குறைத்தார். அடுத்த வருடம் அவளும் புத்தகத்தைப் பார்த்தே வரைந்தாள். ஸ்லைடு போடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

கட்டுரையாளர் லேப் வீண் என்கிறார். இப்படி மதிப்பெண் போட்டால் வீண்தான், ஒப்புக்கொள்கிறேன்.

1930-களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். கரும்பில் ஒரு வகைக்கே 80 குரோமோசோம். வெங்காயத்தின் 16-ஐ எண்ணவே நம் பிள்ளைகளுக்குக் கண் கலங்கும். பின்னாளில் இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளில் அவர் பயன்படுத்திப் பார்த்தது, செல் பிரிவதை நிறுத்தும் கோல்ச்சிசின் என்ற பொருள். அந்தக் கோல்ச்சிசினுக்காகவே எங்கள் மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் பாஷையில் சொன்னால், அது வடம் திரிக்கவே விடாது. தேர் நின்ற இடத்திலேயே நிற்கும், நிதானமாக எண்ணலாம். கொடிய விஷம் என்பதால் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. ஆனால் பஸ்ஸில் வரும்போது பார்க்கிற செங்காந்தள் தோட்டத்துக்கும் அன்றைய பாடத்துக்கும் உள்ள உறவை ஒரு வார்த்தை சொல்லலாமே.

மூடுபனியில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே இன்னொரு தொல்லை. அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் பெரும்பாலும் தீரும். அதற்குப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் ஸ்லைடையும் ரெக்கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். மூன்று செல்தான் தெரிந்தது என்றால் மூன்று வரைந்ததற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

வெங்காயம் சண்டித்தனம் செய்தால் மலைப்பூண்டு இருக்கிறது. அதற்கும் 16 குரோமோசோம்தான். புதிதாகத் தோண்டிய பூண்டு சீக்கிரம் வேர்விடாது, விதைக்கு எடுத்து வைத்ததில் இரண்டு பல் கேளுங்கள், மேல்மலைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். பூண்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து அன்று முழுவதும் லேபில் ஊறுகாய் வாசனை அடிக்கும். அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கொடைக்கானல்.