24எக்ஸ், 8எக்ஸ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "லேப்டாப்பில் சிடி, டிவிடி படிக்கும் டிரைவை மாற்றக் கொடுத்தால், 24எக்ஸ் டிரைவ் என்று பில் போட்டுவிட்டு 8எக்ஸை மாட்டி அனுப்பிவிட்டார்கள்" என்று நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு பரவிவருகிறது. சிலர் நேரில் வந்தே கேட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்கத் தயங்கியவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அந்த இரண்டு எண்களும் ஒரே டிரைவுக்கு உரியவை. எக்ஸ் என்பது வட்டைப் படிக்கும் வேகத்தின் அளவு: 24 சிடிக்கு, 8 டிவிடிக்கு. சிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1எக்ஸ் என்பதே ஏறக்குறைய 1,385 கிலோபைட், அதாவது ஒன்பது மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிடியின் 24எக்ஸ் நொடிக்கு 3.6 மெகாபைட், டிவிடியின் 8எக்ஸ் நொடிக்கு 11 மெகாபைட். 8 என்று போட்டிருப்பதுதான் மூன்று மடங்கு வேகம்! மட்டமானதை மாட்டி ஏமாற்றினோம் என்ற சொல்தான் எங்களுக்கு மிகவும் வலித்தது. ஆனால் பில்லில் வெறும் 24எக்ஸ் என்று எழுதியது எங்கள் தவறு, மன்னியுங்கள். இனி இரண்டு எண்களும் இருக்கும்.

"அந்த 8கூட வரவில்லையே" என்றார் ஒருவர். அவர் எதிரிலேயே முழுக்கப் பதிந்த டிவிடி ஒன்றை ஓட்டினோம். 3.3இல் ஆரம்பித்து மெல்ல ஏறி, முடியும் தறுவாயில் 8ஐத் தொட்டது. வட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. சுழற்சி ஒரே சீராக இருந்தாலும், வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்குள் அதிகத் தகவல் அடங்கும். டிரைவில் அச்சிட்டிருப்பது அந்த உச்ச வேகம். கீறல் விழுந்த வட்டு என்றால் டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, மேசைக் கணினியில் சிடிக்கு 52எக்ஸ் இருக்கிறதே என்றால், லேப்டாப் டிரைவின் தடிமனே 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர்தான். தட்டை இழுத்து, வட்டை 'டக்' என்று அமுக்குகிறீர்களே, லென்ஸும் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. அவ்வளவு மெல்லிய கூட்டில் அந்த வேகத்தில் சுழற்றினால் அதிர்வு தாங்காது, பேட்டரியும் தாங்காது.

டிரைவ் மாற்றும் வேலையைப் பார்த்த ஊழியர் விலகிவிட்டதால், இப்போதைக்கு அன்றன்றே தர முடியாமல் ஒரு வாரம் ஆகலாம்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல், கல்யாண வீடியோவும் குழந்தைகளின் படங்களும் அதில்தான் இருக்கின்றன என்று நம்மிடமே கொண்டுவந்து கொடுக்கும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி. இன்னும் சந்தேகம் இருந்தால் லேப்டாப்போடு ஒரு நல்ல டிவிடியையும் எடுத்து வாருங்கள், உங்கள் எதிரிலேயே ஓட்டிக் காட்டுகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்