உங்கள் டிவியில் புள்ளி தெரியவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 43 அங்குல 4கே டிவியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தும்போது எழுத்து கசிவது, மூன்று முறை புகார் கொடுத்தும் தீராதது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது என்னுடைய நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது" என்று ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பதில் வந்தது. அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். காலையிலிருந்து இரவு வரை எழுத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. வயதாக ஆகப் பெரிய திரை தேவைப்பட்டது. உங்கள் அட்டைப்பெட்டியிலேயே கணினியை இணைப்பது போலப் படம் போட்டிருக்கிறீர்கள். கையேட்டில் கணினிக்கான பட்டியலில் 3840 × 2160 பிக்சல் (திரையின் மிகச் சிறிய கட்டங்கள்), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறுவது) என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வெள்ளையில் கறுப்பு எழுத்து ஓரளவு படிக்க முடிகிறது. ஆனால் திருத்தங்களை நான் சிவப்பில் போடுகிறவன். அந்தச் சிவப்பு எழுத்துகள் ஈரத் தாளில் மை ஊறிய மாதிரி கசிகின்றன. சாம்பல் பின்னணியில் வந்தால் இன்னும் மோசம். மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒற்றுப் பிழை திருத்திக் கூலி வாங்குகிறவன், ஒற்றைத் தேடித் திரையில் மூக்கை உரச வேண்டியிருக்கிறது.

இதைத்தான் இரண்டாவது அழைப்பில் உங்கள் ஊழியரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார், டிவின்னா டிவி பாக்குறதுக்கு. எழுத்து படிக்கணும்னா மானிட்டர் வாங்கியிருக்கணும்." அப்புறம், "கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார். பின்னால் யாரோ சிரித்ததும் காதில் விழுந்தது. அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்களே, அதைப் போட்டுக் கேளுங்கள். அப்படியானால் பெட்டியில் எதற்கு ஐயா அந்தக் கணினிப் படம்?

மூன்றாமவர் கேபிளை மாற்றச் சொன்னார். இரண்டு கேபிள் வாங்கினேன். கேபிள் கெட்டால் படம் விட்டு விட்டு வரும், மினுக்கும், இல்லை வராமலே போகும். சிவப்பு எழுத்து மட்டும் பார்த்துக் கசியாது. வீட்டுக்கு வந்த டெக்னீசியன் ஷார்ப்னஸை 80-க்கு ஏற்றிவிட்டு, "இப்ப பளிச்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு முளைத்ததுதான் மிச்சம். அதைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும் என்பதை நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. டிவியைப் போர்வையில் சுற்றி, மாப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பதினோரு மணிக்குப் போனவர்களை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பென்டிரைவைச் செருகி அருவியும் கிளியும் ஓடவிட்டு, "கிளியோட இறகு ஒண்ணொண்ணா தெரியுது பாருங்க" என்றார்கள். தெரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நான் கிளிக்கா மெய்ப்புப் பார்க்கிறேன்? லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், இணைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "அது எங்க டெஸ்ட்ல வராது" என்று சொல்லிவிட்டார்கள்.

வீடியோ எல்லாம் பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில்தான் வருகிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி. நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்குப் பொது. கிளிக்கு அது போதும். ஒரு பிக்சல் தடிமனுள்ள சிவப்புக் கோட்டுக்குப் போதாது. அதற்கு 4:4:4 வேண்டும், அதாவது நிறமும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வர வேண்டும். ஆகவே படத்தை ஓட்டிச் சோதித்தால் இந்தக் கோளாறு ஆயுசுக்கும் அகப்படாது. டிவி செய்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் கொடுமை.

கடைசியில் வழி எங்கே இருந்தது தெரியுமா? உங்கள் மெனுவிலேயே. கணினிக் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் டிவி 4:4:4-ஐ அப்படியே காட்டுகிறது, எழுத்து கத்தி மாதிரி நிற்கிறது. அதுவும் முதல் போர்ட்டில் மட்டும். மற்ற இரண்டில் முழு நிறம், அதாவது 4:4:4, வேண்டுமென்றால் 30 ஹெர்ட்ஸ்தான்; மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. இது கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

பிரச்சினை தீர்ந்ததே, பிறகு ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன மாதம் டிவி தானாக மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து அணைத்துப் போட்டால் 'பிசி' என்ற பெயர் இருக்கிறது, எழுத்து பழையபடி கசிகிறது. வேறு பெயர் வைத்து, மறுபடி 'பிசி' என்று வைத்தால் சரியாகிறது. தினமும் காலையில் இந்தப் பூசை. ஒருநாள் மறந்துவிட்டேன். அன்று மெய்ப்புப் பார்த்த புத்தகப் பாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்கள்) ஒற்றுப் பிழையோடு அச்சேறிவிட்டது. இருபது வருடமாகச் சேர்த்த பெயர் ஒரே ராத்திரியில் போச்சு. கண்ணாடி பவரும் ஏறிவிட்டது. இவ்வளவுக்கும் உங்கள் நிறுவனம்தான் பொறுப்பு.

சொல்ல மறந்துவிட்டேன், முதல் நாள் திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி காணாமல் போயிருந்தது. படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும், பழைய குழாய் டிவி காலத்து ஓவர்ஸ்கேன் பழக்கத்தை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்களோ. அதையும் நானேதான் சரிசெய்தேன்.

தயவுசெய்து அந்த மென்பொருள் கோளாறைச் சரிசெய்யுங்கள். எந்தப் போர்ட்டில் 60 ஹெர்ட்ஸில் 4:4:4 கிடைக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். முடியாதென்றால் டிவியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். கண் டாக்டர் யோசனை சொன்னவர் வருத்தம் தெரிவித்தால் நல்லது. 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போடுவேன். கசிந்த எழுத்தையும் சரியான எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்திருக்கிறேன், இத்துடன் இணைத்துள்ளேன். வழக்கு, வாய்தா என்று அலைய எனக்கும் விருப்பமில்லை. டிவி நல்ல டிவிதான்.

பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம், மறுபடி அவரே பேசினாலும் பேசுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்