பொள்ளாச்சி மட்டும் தப்பித்தது

யாமல் பார்சர்களை எழுதிப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கிளை அலுவலகங்களின் பட்டியலை ஒரு யாமல் (YAML) ஃபைலில், அதாவது மனிதர்களும் எளிதாகப் படிக்கும்படி விவரங்களை எழுதிவைக்கும் வடிவத்தில், வைத்திருந்தோம். அதைப் படித்து புரோகிராமுக்கு மதிப்புகளாக மாற்றித் தருவது உங்கள் பார்சர். அடைப்புக்குறித் தொல்லை இல்லை, உள்ளே தள்ளி எழுதினால் போதும், கணக்குப் பிரிவில் இருப்பவரே திருத்திவிடலாம். ஊருக்கு நேரே எஸ்டிடி கோடு. நான் சோதித்தது பொள்ளாச்சியை: 04259, சரியாக வந்தது. வெளியிட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் சென்னையின் 044, 36 ஆகியிருக்கிறது. மதுரையின் 0452, 298. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

2005-இல் வந்த யாமல் 1.1 விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் அடிமானம் 8; 044 என்றால் 4×8 + 4, அதாவது 36. பொள்ளாச்சியின் கோடில் 9 இருக்கிறது. அந்த அடிமானத்தில் 9 என்ற இலக்கமே கிடையாது. அதனால் அது எண்ணாக மாறாமல் எழுத்தாகவே தப்பித்தது. அதே ஃபைலில் திறக்கும் நேரம் 09:30 அப்படியே இருக்க, 10:30 மட்டும் 630 ஆனது. 10×60 + 30; அடிமானம் 60-ஆம்! பாபிலோனியர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். நார்வேயின் நாட்டுக் குறியீடான NO, 'இல்லை' என்னும் ஆங்கில 'நோ' ஆகி, 'பொய்' என்று பதிவாகும் கதை உங்களுக்கே பழசு.

2009-இல் வந்த 1.2-க்கு மாறச் சொல்வீர்கள். பைத்தான் மொழியில் யாமலைப் படிக்க உதவும் பையாமல் (PyYAML) இன்னும் 1.1 விதிகளில்தான் நிற்கிறது. 1.2-இலும் 044 என்பது 44 ஆகும்; பைத்தான் பதிப்பு 3.10 என்று எழுதினால் 3.1 ஆகும். மேற்கோள் குறி போட வேண்டியதுதானே என்றால், எங்கே போடுவது என்று தெரிய விதிமுறை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு, எழுத்து மதிப்புகளுக்கெல்லாம் மேற்கோள் குறி கேட்கும் ஜேசன் (JSON) வடிவத்திலேயே எழுதிவிட்டுப் போகலாமே.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மதிப்பை மாற்றியதும் அதைத் திரும்ப எழுதிப் பாருங்கள். எழுதியவர் தட்டிய எழுத்துகளே வராவிட்டால், வரி எண்ணோடு ஓர் எச்சரிக்கை கொடுங்கள். 36-ஐத் திரும்ப எழுதினால் 044 வராது. 630 என்பது 10:30 ஆகாது. 1.50 என்று விலை எழுதியவருக்கும் எச்சரிக்கை வரும், தெரியும். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தால் சரி.

பழைய ஃபைல்கள் எதுவும் இதனால் உடையாது. இந்த வழி உங்களுக்குப் புதிதும் இல்லை. டேட்டா ஃபைலைப் படிக்கும்போதே அதற்குள் ஒளிந்திருக்கும் புரோகிராம் கோட் ஓடிவிடும் ஆபத்துக்காக, பையாமல் 2019-இல் 5.1 பதிப்பில் முதலில் எச்சரித்தது, 2021-இல் 6.0 வந்தபோது, ஃபைலை எந்த விதிகளின்படி படிப்பது என்று சொல்லும் லோடரைக் குறிப்பிடாமல், load கட்டளையால் ஃபைலை ஏற்றவே முடியாதபடி செய்தது. அந்த நிதானத்தை மதிப்புகளுக்கும் காட்டுங்கள்.

சோதனை ஃபைலை நானே எழுதித் தருகிறேன். இந்த முறை சென்னையிலிருந்து தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்சர்களை நம்பி வேலை செய்யும் ஒருவன்