அரையாண்டு நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் மாணவர்களிடம் வழங்கப்பட்டுவிட்டன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் நன்கு பங்கேற்றுப் பரிசுகள் பெற்றனர். மழையில் சாய்ந்த பின்பக்கச் சுற்றுச்சுவர் சரிசெய்யப்பட்டது. பத்தாம் வகுப்பிற்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. இவற்றுக்கெல்லாம் துணைநின்ற அனைவருக்கும் பள்ளியின் சார்பில் பாராட்டுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி, இக்கடிதத்தை எழுத நேர்ந்த காரணத்திற்கு வருகிறேன்.

நம் பள்ளி விளையாட்டு விழாவன்று ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், 200 மீட்டர் ஓட்டம் முடிந்த சற்று நேரத்தில், நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்து, நலமாக வீடு திரும்பினான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்டதற்கு அவன் சொன்ன விடை, ஒரு பாட்டில் எனர்ஜி டிரிங்க், ஒரு பாக்கெட் சிப்ஸ் என்பதுதான். பானம்தான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. வெறும் வயிறு, வெயில், அந்தப் பானம் எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார். எனினும், அந்தக் காலி பாட்டிலை வாங்கிப் படித்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. ‘குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதன்று’ என்ற பொருள்படும் எச்சரிக்கை, அதிலேயே, எறும்பளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. காஃபின் (காபி, தேநீரில் உள்ள ஊக்கப் பொருள்) சேர்த்த இத்தகைய பானங்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அவ்விதியின்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். அதாவது 250 மில்லி பாட்டில் ஒன்றில் 75 மில்லிகிராம் வரை. பெரியவர்களுக்கென்று அளந்து வைத்ததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெறும் வயிற்றில் குடித்திருக்கிறான்.

இது ஒரு மாணவனின் செய்தி மட்டுமன்று. விழா முடிந்த மறுநாள் மைதானத்தையும் வேலியோரத்தையும் பசுமைப் படை மாணவர்கள் சுத்தம் செய்தபோது, காலிப் பாக்கெட்டுகள் இரண்டு சாக்குகளை நிறைத்தன. பதினொரு மணி இடைவேளையில் ஒரு பாக்கெட்டைத் தின்றுவிடும் பிள்ளைகள், பன்னிரண்டரைக்குச் சத்துணவில் சோற்றை அளைந்துவிட்டுக் கொட்டுகிறார்கள். சத்துணவு அமைப்பாளர் இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் உள்ளது. அந்த முட்டையே இலையில் மிஞ்சிக் காக்கைக்குப் போகிறது.

உங்களில் பலரின் நிலைமையை நான் அறியாதவன் அல்லன். தந்தை நள்ளிரவில் கடலுக்குச் சென்றிருப்பார். தாய் விடியுமுன் கடற்பாசி எடுக்கவோ மீன் ஏலத்திற்கோ கிளம்பிவிடுவார். பிள்ளை எழும்போது வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். அந்த நேரத்தில் கையில் வைக்கப்படும் பத்து ரூபாய் அன்பினால் வைக்கப்படுவதே தவிர, அலட்சியத்தால் அன்று. அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் உங்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

சென்ற வாரம் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளையில், மாணவர்கள் கொண்டுவந்த பாக்கெட்டுகளின் பின்புறத்தை வாசிக்கச் செய்தோம். சேர்க்கப்படும் பொருள்கள் எடையில் மிகுந்தது முதலாகக் குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அது என்ன பண்டம் என்று தெரிந்துவிடும். முன்பக்கத்தில் தக்காளியும் பாலும் பழமும் படமாக இருக்க, பின்பக்கத்தில் மைதா, பாமாயில், சர்க்கரை என்று வரிசை தொடங்கியதைக் கண்டு மாணவர்களே சிரித்தார்கள். சர்க்கரையைத் தேடியபோது அது குளுக்கோஸ் சிரப் என்று வேறு பெயரிலும் ஒளிந்திருந்தது. நான்கு கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. ஒரு பானத்தில் 100 மில்லிக்குப் பத்து கிராம் என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் ஆறு தேக்கரண்டிக்கு மேல் ஆகிறது. பெரியவர் ஒருவர்கூட ஒரு நாளில் இந்த அளவுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். வாலிநோக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு உப்பு புதிதன்று. ஆனால் பாக்கெட்டில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதுகிறார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். ஆயிரம் மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. பெரியவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வரம்பில் இது பாதி. நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, வேகவைக்காமல் நொறுக்கி, மசாலாத் தூளை முழுவதும் தூவித் தின்னும் வழக்கம் நம் மாணவர்களிடையே உள்ளது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாயார், “அப்படியானால் கருவாட்டில் உப்பு இல்லையா, ஐயா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உண்டு, அதிகமாகவே உண்டு. ஆனால் கருவாடு உப்புக் கரிக்கிறது என்பது நாக்குக்குத் தெரியும். ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு தட்டுச் சோறு உண்கிறோம், ஒரு தட்டுக் கருவாட்டை யாரும் உண்பதில்லை. பாக்கெட் பண்டத்தில் உப்பும் இனிப்பும் புளிப்பும் கொழுப்பும் ஒன்றையொன்று மறைக்குமாறு கலக்கப்படுவதால், போதும் என்ற சொல் நாக்கிலிருந்து எழுவதற்குள் பாக்கெட் காலியாகிவிடுகிறது.

அதேபோல், எண் போட்டுச் சேர்க்கப்படும் அனைத்தும் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை) 406 என்பது உணவைக் கெட்டியாக்கும் அகர். நம் தாய்மார்கள் கண்ணாடி மாட்டி மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைப்பது. 407 என்பது காராஜீனன். மண்டபம் ஊர்ப் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்களே, அந்தப் பாசியிலிருந்து பெறப்படுவது. நம் கரையில் விளைந்த பொருள் எங்கெங்கோ சுற்றி ஐஸ்கிரீமுக்குள் திரும்பி வருகிறது என்று சொன்னபோது வகுப்பே வியந்தது. ஆனால் 102, 110 ஆகிய செயற்கை நிறங்கள் அப்படியல்ல. நம் நாட்டில் அவை அளவுக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டவைதாம். எனினும் இவை உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்த்த உணவில், ‘குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் விதி உள்ளது. கவனம் சிதறுகிறது என்று மாணவர்களைக் கடிந்துகொள்ளும் ஆசிரியன் என்ற முறையில், இந்த வரியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

பள்ளியின் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகள் தினத்தன்று நாங்களே க்ரீம் பிஸ்கட்டும் சாக்லேட்டும் வழங்கினோம். இனி அவ்வாறு செய்யமாட்டோம். ஆசிரியர் அறை தேநீருடன் வரும் பிஸ்கட் டப்பாவும் நிறுத்தப்பட்டுள்ளது. இதில் எனக்கே சிறிது வருத்தம் உண்டு.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அறிவுரையாகக் கொள்ளாமல் பள்ளியின் முடிவாகக் கொள்ளவும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல், எனர்ஜி டிரிங்க், குளிர்பானம், சிப்ஸ் வகைகள், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் ஆகியவை பள்ளி வளாகத்திற்குள் அனுமதிக்கப்படமாட்டா. பிறந்தநாளுக்கு வகுப்பில் பாக்கெட் வழங்குவதற்கும் இது பொருந்தும். மீறிக் கொண்டுவரப்படுபவை அலுவலகத்தில் வைக்கப்பட்டு, பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திருப்பித் தரப்படும், பிள்ளையிடம் தரப்படாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுப் பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக்கூடாது என்று அதே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தெளிவாகக் கூறுகிறது. “எல்லாப் பிள்ளைகளும் தின்கிறார்கள், என் பிள்ளையை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்” என்ற கேள்விக்கு இனி இடமில்லை. எல்லாப் பிள்ளைகளையும்தான் கேட்கப்போகிறோம்.

வாயிலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை நம் மாணவன் ஒருவனின் குடும்பத்தினுடையது என்பதை அனைவரும் அறிவோம். அவர்களின் பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கமன்று. நேரில் சென்று பேசினேன். சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளைக் கடைக்காரர் அன்றே அவிழ்த்துவிட்டார். இப்போது அங்கே வேகவைத்த பனங்கிழங்கும் கடலை மிட்டாயும் அவித்த வேர்க்கடலையும் இருக்கின்றன. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. பத்து ரூபாய் கொடுத்தே ஆகவேண்டிய நாளில் அது பனங்கிழங்குக்குப் போகட்டும். காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீடுகளில், முந்தின இரவுச் சோற்றில் நீர் ஊற்றி வைத்தாலே போதும். எந்தப் பாக்கெட்டுக்கும் அது குறைந்ததன்று.

சென்ற மாதம் பள்ளிக்கு வந்து, தம் கையால் சுண்டல் தாளித்துப் பத்தாம் வகுப்பு மாலை வகுப்பினருக்கு வழங்கிய தாய்மார்களுக்கும், முருங்கைக் கன்றுகள் கொடுத்த மேலாண்மைக் குழு உறுப்பினருக்கும், தம் மகனைப் பற்றி இக்கடிதத்தில் எழுத இசைவளித்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அம்மாணவன் இப்போது நலமாக இருக்கிறான். காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறான் என்று அவனே என்னிடம் வந்து சொன்னான்.

இக்கடிதத்தைப் படித்தமைக்கு அடையாளமாகக் கீழே கையொப்பமிட்டோ பெருவிரல் ரேகை வைத்தோ, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடலுக்குச் சென்றிருப்பவர்களுக்காக வீட்டிலுள்ள பெரியவர் கையொப்பமிட்டாலும் போதுமானது.

நன்றி.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்